நின்றால் தெரியும் குழிகள்

...பேனா இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா, தொடையின் பின்பக்கம் ஒரு வட்டம், அதற்குக் கீழே இன்னொன்று, இவளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, விளக்கைத் திருப்பித் திருப்பி வைத்து ஒவ்வொரு குழியாகத் தேடிப் பிடிக்கிறார், என்ன பொறுமை, என்ன நிதானமான கை... நீச்சல் சொல்லித்தருகிறவள் இவள், வேலை தெரிந்த கை தொட்ட மாத்திரத்தில் இவளுக்குத் தெரிந்துவிடும். "காலை இறுக்காதீங்க, சும்மா நில்லுங்க. படுத்தா இதெல்லாம் ஒளிஞ்சுக்கும், அதான் நிக்க வச்சே குறிக்கிறேன்." ஒளிந்துகொள்ளுமா? அடப் பாவமே, அதுதான் விஷயமா, வீட்டில் கட்டிலில் குப்புறப் படுத்துக் கழுத்தைத் திருகிக் கைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்று இத்தனை நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாளே, வீட்டுக்காரர் வேறு எட்டிப் பார்த்து, "அங்க என்ன புதையலா தேடுற?" என்று கேட்டுவிட்டு அடி வாங்காமல் தப்பித்தார்.

புதையல்தான், போங்கள். இரண்டு களிம்பு, உருட்டித் தேய்க்க ஒரு மெஷின், அது உறுமுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்... முதல் தடவை வந்தபோது இதையெல்லாம் சொன்னதும் டாக்டரம்மா சிரிக்கவில்லை, அங்கேயே இவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. "மெத்தையில பொத்தான் வச்சு இழுத்துத் தைப்பாங்கல்ல, அது மாதிரி உள்ளேயிருந்து நார் தோலை இழுத்துப் பிடிக்குது, நடுவுல கொழுப்பு மேல முட்டுது, இதுக்குப் பேருதான் செல்லுலைட். குண்டு ஒல்லின்னு பாக்காது, முக்காவாசிப் பொம்பளைங்களுக்கு உண்டு, நோயும் இல்ல." களிம்பு? கொஞ்ச நேரம் தோல் பிடிப்பாக இருக்கும். தேய்த்தால்? "மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி." சூடு வைக்கிற மெஷின் சில மாதம் தாங்கும், ஊசியை உள்ளே விட்டு அந்த நாரையே அறுத்துவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும், ஆனால் ரத்தம் கட்டும், எல்லாக் குழியும் போகாது. "எல்லாமே போயிடும்னு எவனாவது சொன்னா எழுந்து வந்துடுங்க" என்றாரே, தன் சரக்கைத் தானே குறைத்துச் சொல்கிற மனுஷி, எங்கே கிடைப்பாள் இப்படி ஒருத்தி?

இவளும்தான் இருக்கிறாளே. தண்ணி யாரையும் பாக்காது, தைரியமா எறங்குங்க என்று பெண்கள் வகுப்பில் நாளெல்லாம் கத்துவாள், ஊருக்குத்தான் உபதேசம்... எல்லாம் துவாலையால் வந்தது. துவாலை என்றால் வகுப்பில் படிக்கிற வங்கிக்காரி, இடுப்பிலிருந்து முழங்கால்வரை துவாலையைச் சுற்றிக்கொண்டு குளத்தின் விளிம்புவரை வந்து, தண்ணீரில் விழுகிற அதே நொடியில் அதை உருவி எறிவாள், பார்க்கப் பார்க்கச் சிரிப்பாக வரும், பெயரே அதுவாகிவிட்டது. அன்றைக்கு இவள் ஏணியில் ஏறும்போது கீழே தண்ணீரில் நின்றிருந்த துவாலை அண்ணாந்து பார்த்து, "ஐயோ மிஸ், உங்களுக்குமா!" குளமே திரும்பிப் பார்த்தது. மறுநாளிலிருந்து இவள் முழுக்கால் பேன்ட், விசில், கரையிலிருந்தே பாடம், தண்ணீரைத் தொட்டு எத்தனை நாளாயிற்று, மீனைத் தூக்கிக் கரையில் போட்ட மாதிரி...

"இப்பக் குப்புறப் படுங்க." படுத்தாள். "சும்மா சொல்லக் கூடாது, என்ன கால்ங்க இது, எவ்வளவு தசை! எப்பலருந்து நீந்துறீங்க?" "நடக்கப் பழகுனதுலருந்தே டாக்டர்." நிஜமாகவே நல்ல கால்கள்தானே, இத்தனை பேரைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்த கால்கள், குழியைத் தேடிய அவசரத்தில் காலை யார் பார்த்தார்கள்? பக்கச் சுவரின் கண்ணாடியில் இப்போது குழி ஒன்றுகூட இல்லை, வெறும் நீல வட்டங்கள் மட்டும்.

"மரத்துப்போற ஊசி முதல்ல. ரெண்டு வாரம் தண்ணியில எறங்கக் கூடாது, சரியா?" தண்ணீரில்... அன்றைக்கு, அப்புறம், துவாலை எப்படி மேலே வந்தாள்? பின்னாலேயே ஏணியில் ஏறினாள். அவளுடைய துவாலை எங்கே இருந்தது? எதிர்க் கோடியில், எறிந்த இடத்திலேயே, நாற்காலியின் மேல். அவ்வளவு தூரமும் நடந்துதானே போனாள், ஒன்றும் சுற்றிக்கொள்ளாமல், கையை வீசி, ஈரத்தோடு, யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு... அப்படியானால் அந்த "உங்களுக்குமா" கேலி இல்லையா, அது நிம்மதியா? எத்தனை அழகாக நடந்தாள், பார்த்தும் பார்க்காமல் நின்றாளே இவள், தன் தொடையைத் தவிர உலகத்தில் வேறெதுவும் கண்ணில் படாமல். இவள் பேன்ட் போட்ட மறுவாரம் அவளும் மறுபடி சுற்றிக்கொண்டாள், இப்போது கணுக்கால்வரை. போன வாரம் வரவேயில்லை.

"ஆரம்பிக்கலாமா?" டாக்டரம்மாவின் கை தொடைமேல் காத்திருந்தது, அவசரமே இல்லாமல். சாயங்காலம் வகுப்பு இருக்கிறது. இன்றைக்காவது வருவாளா?

"டாக்டர்... இந்தப் பேனா, தண்ணியில எறங்குனா அழிஞ்சிடுமா?"