கத்திமேல் போட்ட பழி

அச்சுவேலியில் அன்று காலை தம்பிஐயா வேலி அடைத்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்குள் ஆசுப்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டிய மனிதர், எட்டரை மணிக்கு முழங்கால்வரை புழுதியோடு தென்னோலையில் பின்னிய கிடுகு கட்டிக்கொண்டிருந்தால் மனைவி கனகாம்பிகைக்கு எப்படி இருக்கும்? வாசலில் ஓட்டோ வந்து கால் மணித்தியாலம் ஆகிவிட்டது.

"இஞ்சேருங்கோ, மேல் கழுவிப்போட்டு வெளிக்கிடுங்கோ. நேரத்துக்குப் போகாட்டிக் கட்டிலை வேறை ஆளுக்குக் குடுத்திடுவினம்."

"குடுக்கட்டும். நான் வரேல்லை."

அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். மாதக்கணக்காக மலத்தோடு இரத்தம் போனது. மூலம் என்று சொல்லிக் கைமருந்து குடித்தார். அயலுக்கும் மூலம் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். ஆள் மெலிந்து இடுப்பில் சாரம் நிற்காமல் போன பிறகுதான் கனகாம்பிகை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். நாளைக்கு ஒப்பரேஷன். ஆனால் மனிதருக்கு நோயைவிடக் கத்தியில்தான் பயம். அவருடைய தமையன் நடராசாவுக்கும் இதே வருத்தம்தான். வயிற்றை வெட்டி மூன்றாம் மாதம் ஈரலெல்லாம் பரவிச் செத்துப்போனார். கத்தி பட்டதால்தான் பரவியது என்று செத்தவீட்டில் சொல்லாத ஆள் இல்லை. அன்று தம்பிஐயாவின் தலைக்குள் ஏறியது இன்னும் இறங்கவில்லை.

"டொக்டர் கீர்த்திகா என்ன சொன்னவ?" கனகாம்பிகை விடவில்லை. "குடல் சுவரிலை கலங்களை, அதுதான் செல்லுகளை, பிடிச்சு வைச்சிருக்கிற ஒரு பின்னல் இருக்காம். புற்றுநோய்க் கலங்கள் தாங்களே ஒருவகை நொதியத்தைச் சுரந்து, அந்தப் பின்னலைக் கரைச்சு வழி எடுக்குமாம். வழி எடுத்திட்டால் இரத்தத்தோடை ஈரலுக்குப் போயிடும் எண்டவ. கத்தி வைக்காட்டியும் அது தன்ரை வேலையைப் பாக்கும். உங்களுக்கு இன்னும் சுவரைத் தாண்டேல்லை, ஸ்கானிலை ஈரல் சுத்தம் எண்டெல்லோ சொன்னவ?"

"அவ படிச்சவ, சொல்லுவா. என்ரை அண்ணையை நான் கண்ணாலை பாத்தனான்."

சொல்லிக்கொண்டே கறையான் பிடித்த கிடுகு ஒன்றை வெட்டி எறிந்தார். பக்கத்துக் கிடுகு பழுதில்லாமல் இருந்ததில் அவருக்கு ஒரு திருப்தி. கனகாம்பிகைக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"வேலிக்கு மட்டும் கத்தி வைக்கலாமோ?"

அவர் அடுத்த கிடுகை எடுத்தார்.

ஒன்பது மணிக்கு ஞானாம்பிகை வந்து சேர்ந்தாள். நடராசாவின் மனைவி. கனகாம்பிகைதான் போன் எடுத்து அழுதிருந்தாள். கத்தி பட்டதால் பரவியது என்று செத்தவீட்டில் முதன்முதலில் வாய் திறந்தவளே இந்த ஞானாம்பிகைதான். அதனால் தம்பிஐயாவுக்குத் தன் பக்கம் ஆள் சேர்ந்துவிட்ட தெம்பு.

"மச்சாள், நீங்களே உவளுக்குச் சொல்லுங்கோ!"

ஞானாம்பிகை கதிரையில் உட்காரவில்லை. கைப்பையைத் திறந்து, மடிப்பில் கிழிந்துபோன கிளினிக் துண்டு ஒன்றை நீட்டினாள்.

"தம்பி, உதிலை கிடக்கிற திகதியைப் பார்."

"பெப்ரவரி பன்ரண்டு. அண்ணைக்கு ஓகஸ்டிலையெல்லோ வெட்டினது?"

"ஓம். ஒப்பரேஷனுக்கு முதன்முதல் குடுத்த திகதி உதுதான். நிவேதனாவுக்குப் பொன்னுருக்கி நாலாம் நாள் கையிலை வந்தது. மகளுக்குத் தாலிக்குப் பொன் உருக்கியாச்சு, இனி மாப்பிளை பகுதி அறிஞ்சால் பரம்பரை வருத்தம் எண்டு குழப்பிப்போடுவினம் எண்ட பயம். நான்தான் ஒளிச்சனான். கலியாணம் முடியட்டும், திருவிழா முடியட்டும் எண்டு ஆறு மாசத்தைக் கடத்திப்போட்டன். குடல் அடைச்ச பிறகுதான் கொண்டுபோனது. வெட்ட முதலே ஈரலுக்குப் போயிட்டுது எண்டு டொக்டர் என்னட்டைச் சொன்னவர். செத்தவீட்டிலை ஆக்கள் கேக்கேக்கை, பழியைத் தூக்கிக் கத்தியிலை போட்டன்."

தம்பிஐயா கிடுகு வெட்டிய கத்தியைக் கீழே போட்டார். இத்தனை வருடம் எந்த டொக்டரையோ திட்டித் தீர்த்தாரே!

"மச்சாள்... என்ரை அண்ணையை..."

"திட்டு தம்பி. நல்லாத் திட்டு. ஆனால் ஓட்டோவிலை ஏறிப்போட்டுத் திட்டு."

அவர் துண்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மேல் கழுவக் கிணற்றடிக்கு நடந்தார்.

வாசலைத் தாண்டும்போது பக்கத்து வீட்டுப் பிரசாந்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "எங்கையண்ணை வெளிக்கிட்டாச்சு?"

வெளிக்கிடும்போது யாராவது 'எங்கை' என்று கேட்டால் சகுனப் பிழை என்று திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போகிற ஆள் தம்பிஐயா. கனகாம்பிகைக்கு உயிரே போய்விட்டது. "மூலத்துக்கு மருந்தெடுக்க..." என்று அவசரமாகத் தொடங்கினாள்.

"மூலம் இல்லைப் பிள்ளை," என்றார் அவர், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி. "குடலிலை புற்றுநோய். வெட்டி எடுக்கப் போறன். என்ரை அண்ணையைச் சாகடிச்சது கத்தி இல்லை, ஊருக்குப் பயந்து நாங்கள் மூடி வைச்ச ஆறு மாசம். இரத்தம் கண்டால் வெக்கப்பட்டு ஒளிக்காதேங்கோ, உடனை போய்க் காட்டுங்கோ. நாங்கள் நாள் பாத்துக்கொண்டு இருக்க, அது உள்ளுக்கை சுவரைக் கரைச்சுக்கொண்டிருக்கும்."

தம்பிஐயா ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

"கெதியா விடு தம்பி. பத்து மணிக்கு முதல் நிக்கோணும்."