மூன்றாவது பாட்டில்

விவரம் தெரிந்த நாளிலிருந்து அண்ணன் அவளிடம் ஒரு யோசனை கேட்டதில்லை. அவளுக்குப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தபோதுகூட, "தண்ணியில உப்பக் கரைச்சுக் காட்டறதுக்கு ஒரு சம்பளமா?" என்று சிரித்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் கையில் ஒரு டப்பாவோடு அவள் வீட்டுப் படியேறி வந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

சிமெண்டுத் தொட்டி கட்டிக் கொடுப்பது அண்ணனுக்குத் தொழில். குடிதண்ணீர்த் தொட்டி கசியாமலிருக்க உள்ளே பூச ஒரு பூச்சு கண்டுபிடித்திருந்தார். பிசின், எண்ணெய், இன்னும் என்னென்னவோ போட்டுக் காய்ச்சிய கலவை. கறுப்பாக, கெட்டியாக இருந்தது.

"இது தண்ணியில கரையுமா கரையாதான்னு மட்டும் பாத்துச் சொல்லும்மா. நீ சொன்னாப் போதும்."

நீ சொன்னாப் போதும்! அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாளே வேலையைத் தொடங்கினாள். அடியில் குழாய் வைத்த மூன்று கண்ணாடிப் பாட்டில்கள். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர். முதலாவதில் பூச்சைத் துளியூண்டு விட்டாள். இரண்டாவதில் அதைப்போல் பத்து மடங்கு, மூன்றாவதில் நூறு மடங்கு. பிறகு காந்தக் குச்சியைப் போட்டு, மேலே சுழி விழாதபடி மெல்ல மெல்லச் சுற்றவிட்டாள். வேகமாகச் சுற்றினால் எண்ணெய் பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரில் கலந்து, கரையாததும் கரைந்த மாதிரி ஆளை ஏமாற்றிவிடும். சுற்றி முடித்துத் தெளியவிட்டு, மேலே மிதக்கிற படலம் சேராமல் அடிக்குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். பொறுமைசாலிகளின் வேலை. அவளும் பொறுமைசாலிதான், சொந்த அண்ணன் விஷயத்தில் மட்டும் அது எங்கே போய்த் தொலைந்ததோ!

முதல் பாட்டில் தண்ணீரை, அதில் கலந்திருப்பதைக் கோடாக வரைந்து காட்டும் கருவியில் ஏற்றினாள். திரையில் கோடு நேராகப் போயிற்று. ஒன்றுமே இல்லை. மற்ற இரண்டையும் பார்க்கிறவரை வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? போனை எடுத்துவிட்டாள்.

"அண்ணா, துளிகூடக் கரையலண்ணா!"

"என் தங்கச்சின்னா தங்கச்சிதான்!" என்றார் அண்ணன். அந்தக் குரலுக்காக அவள் எத்தனை வருஷம் ஏங்கியிருந்தாள்.

இரண்டாவது பாட்டிலில் கோடு லேசாகப் புடைத்தது. மூன்றாவதில் குன்றாக எழுந்து நின்றது. விஷயம் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சர்க்கரை ஒரே பொருள். தண்ணீர் தாங்குகிற அளவுக்குமேல் கொட்டினால் அடியில் தங்கிவிடும், எவ்வளவு கொட்டினாலும் அதே கணக்குத்தான். இதுவோ கலவை. பூச்சு இளக்கமாக இருக்க அண்ணன் சேர்த்த ஒரு திரவம் மட்டும் தண்ணீரில் கரைகிற ரகம். கொஞ்சம் பூச்சு போட்டால் அது இருக்கிற இடமே தெரியாது. கூடக் கூடப் போட்டால் கூடக் கூட இறங்கிக்கொண்டே இருக்கும். ஈரலை அரிக்கிற சரக்கு வேறு. தொட்டிச் சுவர் முழுக்கப் பூசினால் அது முதல் பாட்டில் இல்லை, சாட்சாத் மூன்றாவது பாட்டில்.

அலறியடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். கூடத்தில் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஒரு தாள்: 'ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது. நீரில் கரையாதது.'

அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அண்ணன் நிதானமாகக் கேட்டார்.

"மூணு பாட்டிலுக்கு மூணு விதமாச் சொல்றே. இதுல எது உண்மை?"

"மூணும் உண்மைதாண்ணா. ஒரு குடம் தண்ணியில ஒரு சிட்டிகை டீத்தூள் போட்டா நிறம் மாறாது, கைநிறையப் போட்டா மாறாதா? அதுமாதிரி..."

"மூணும் உண்மைன்னா நான் முதல் உண்மையையே வச்சுக்கறேன். விடு."

"அண்ணா, அந்த ஒரு திரவத்த மட்டும் மாத்திடுங்க. நான் கூட இருந்து பாத்துத் தர்றேன்."

"மாத்தினாப் பூச்சு விரிசல் விடும்மா. பாத்துட்டேன்."

அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "நாலு பேர் இவரை மதிக்க ஆரம்பிச்சதும் சிலருக்கு வயிறு எரியுது." சிலருக்காம்! அந்தக் கூடத்தில் அவளைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?

அடுத்த வாரம் வாங்குகிறவர்களை வரவழைத்திருந்தார் அண்ணன். அழைக்காமலே அவளும் போனாள். கொல்லையில் பூச்சடித்த மாதிரித் தொட்டி, அதற்கு ஒரு குழாய், சுற்றிலும் கட்டடக்காரர்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் ஆகிவிட்டதாம். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் சுருங்கி, உடனே மலர்ந்தது.

"இதோ, சோதிச்ச ஆளே வந்தாச்சு! என் தங்கச்சி!"

ஒரு குவளை நிறையப் பிடித்து அவளிடம் நீட்டினார். அத்தனை கண்களும் அவள்மேல். அண்ணன் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்ததை அவள் ஒருத்திதான் பார்த்தாள். பாவமாக இருந்தது. வாங்கி ஒரு மடக்குக் குடித்தால் தீர்ந்தது. அண்ணன் அண்ணனாகவே இருப்பார்.

"இதைக் குடிக்காதீங்க," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "இதுல ஒண்ணு தண்ணியில இறங்குது. ஈரல் போயிடும்."

"கரையலன்னு நீங்கதான் சொன்னீங்களாமே?" என்றார் ஒரு கட்டடக்காரர்.

"சொன்னேன். கொஞ்சமாப் போட்டா கரையாது..."

சொல்லும்போதே தன் பேச்சு எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார். "அண்ணன் தங்கச்சி சண்டைய எங்க தண்ணியில ஏம்மா கழுவறீங்க?" என்றார் இன்னொருவர். கொல்லையே சிரித்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தபடி அந்தக் குவளையை அண்ணாந்து குடித்தார், ஒரு சொட்டு மிச்சமில்லாமல். கட்டடக்காரர்கள் கை தட்டினார்கள்.

அப்பாவைப் பார்த்து ஆசை வந்துவிட்டது போலும், அவருடைய ஐந்து வயது மகள் ஓடிவந்து குழாயடியில் தன் குட்டிக் குவளையைப் பிடித்தாள். எல்லோரும் கொஞ்சலாகப் பார்த்தார்கள். குழந்தை குவளையை வாயருகே கொண்டுபோயிற்று.

அவள் பாய்ந்து தட்டிவிட்டாள். குவளை தெறித்து ஓடியது. குழந்தையின் பிஞ்சுக் கையிலும் அடி பட்டுவிட்டது. வீறிட்டு அழுதது.

"பச்சப்புள்ளய அடிக்கறியா? உனக்கெல்லாம் ஒரு மனசா?" அண்ணி கத்தினாள்.

"அடிக்கல அண்ணி, அந்தத் தண்ணி..."

"போயிடு," என்றார் அண்ணன். குரலை உயர்த்தக்கூட இல்லை. "இனி இந்தப் பக்கம் வராதே."

கண்ணை மறைத்த நீரோடு, கூட்டத்துக்கு நடுவே தட்டுத்தடுமாறி வாசல்வரை வந்துவிட்டாள். குழந்தையின் அழுகை விக்கலாக மாறி அங்கு வரை கேட்டது. குழாய் திறக்கும் சத்தமும் கேட்டது.

"அழாதடா கண்ணு, அத்தை போயிட்டா," என்றாள் அண்ணி. "விக்குது பாரு. இந்தா, தண்ணி குடி."