ஹல்டாவின் வயது

செத்துப்போன ஆறு வயதுக் குழந்தைக்கு வாரிசு இருக்க முடியாது. கம்பெனியின் வக்கீல் கேரட்டி காலை பத்தரை மணிக்கு, குரலைக்கூட உயர்த்தாமல், அதைத்தான் திட்டக் குழுவின் முன்னால் சொன்னார். சொல்லிவிட்டு எனக்காக வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகத்துக்காகவே அவரை இரண்டு அறை அறையலாம் போலிருந்தது.

விஷயம் இதுதான். மோப்ரே பண்ணையின் பின்பக்கம், சோளக் கொல்லை முடிந்து சதுப்பு ஆரம்பிக்கிற இடத்தில், செதுக்காத கற்கள் பதினொன்று நிற்கின்றன. எல்லாம் எங்கள் ஆட்களின் கல்லறைகள். அந்தப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள். எங்கள் வம்சத்தின் மூத்தவள் சில்வி அங்கேதான் கிடக்கிறாள், அதற்குப் பத்திரமே இருக்கிறது. இப்போது நிலத்தை வாங்கிய கம்பெனி அங்கே சரக்குக் கிடங்கு கட்டப்போகிறது. எலும்புகளைத் தோண்டிப் பெட்டியில் போட்டு கவுண்டி நிர்வாகத்தின் பொது மயானத்துக்கு மாற்ற அனுமதி கேட்டிருந்தது. புதைக்கப்பட்டவர்களின் வழியில் வந்த ஒரே ஒருவர் காகித ஆதாரத்தோடு எதிர்த்து நின்றால் போதும், அனுமதி கிடையாது. மண் தோண்டும் இயந்திரம் பண்ணை வாசலுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது.

அந்த ஒருவர் நான். ஆர்டீலியா மே பேந்தம், வயது அறுபத்தெட்டு. இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன். பஸ் ஓட்டாத நேரமெல்லாம் கோர்ட்டின் பதிவறையில் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம் என்று ஒன்று செய்துகொள்ளாததால் அதற்குத் தடை சொல்ல ஆள் இல்லை.

என் வம்சாவளித் தாளில் கீழே நான், உச்சியில் சில்வி. சில்வியின் மகள் ஹல்டா. ஹல்டா பெர்ரி பேந்தமைக் கட்டிக்கொண்டாள். அங்கிருந்து என்வரைக்கும் ஒவ்வொரு படியும் கல்லில் அடித்த ஆணி மாதிரி நிற்கும். ஹல்டாவில்தான் எட்டு வருஷம் இடித்தது. பண்ணைக்காரர் லெவின் மோப்ரேயின் குறிப்பேட்டில் 'சில்வியின் ஹல்டா, பிறப்பு 1788 மார்ச்' என்று இருக்கிறது. 1850 ஜனக் கணக்கிலோ ஹல்டாவுக்கு வயது ஐம்பத்துநான்கு. அறுபத்திரண்டு இருந்திருக்க வேண்டும்.

நான் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டுத் தள்ளினேன். வம்சாவளி தேடும் இந்த வேலையில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. வயது இடித்தால், கணக்கெடுக்க வந்தவன் வேலியோரம் நின்று வாய்க்கு வந்ததை எழுதிக்கொண்டு போயிருப்பான், கேட்டபோது அந்தப் பெண் குறைத்துச் சொல்லியிருப்பாள் என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். நூலகத்தில் புதியவர்களுக்கு வகுப்பெடுத்தபோதும் இதையேதான் சொல்லிக்கொடுத்தேன்.

கேரட்டியிடம் மோப்ரேயின் இரண்டாவது குறிப்பேடு இருந்தது. எங்கோ ஒரு கல்லூரியில் தூசி படிந்து கிடந்ததைத் தேடிப் பிடித்திருக்கிறார். அதில் நாலே வரி. '1794 அக்டோபர். சில்வியின் ஹல்டா தொண்டை அடைப்பானில் இறந்தாள். வயது ஆறு. பின் கொல்லையில் அடக்கம்.'

குழுத் தலைவி திருமதி ஸ்டவுஃபர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பதில் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். நான் என் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினேன். இரண்டு மணிக்கு மறுபடி கூடுவோம், அதற்குள் ஏதாவது கொண்டுவந்தால் பார்க்கிறோம், இல்லையென்றால் வாக்கெடுப்புதான் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துவிட்டார். எங்கள் சர்ச் சபை வேனில் வந்திருந்த சொந்தக்காரர்கள் இருபது பேரும் பின் வரிசையிலிருந்து என்னையே பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

என் சித்தப்பா மகன் லின்வுட் மட்டும் என்னோடு பதிவறைக்கு இறங்கி வந்தான். நண்டு பிடிக்கிறவன், ஐம்பத்தைந்து வயது, சாவு வீட்டில்கூட ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன்.

விடுதலைப் பத்திரங்களின் புத்தகத்தை இறக்கினேன். சில்வியின் பத்திரம் எனக்கு மனப்பாடம். 1795 ஜூனில் மோப்ரே அடிமை வைத்திருப்பது பாவம் என்ற மெதடிஸ்ட் பிரசங்கம் கேட்டு மனம் மாறி, சில்வியையும் அவள் மகன் ஜேக்கபையும் விடுவித்தார். ஹல்டாவின் பெயர் அதில் இல்லை. சின்னப் பெண், பிறகு விடுவித்திருப்பார் என்று நானாக ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தப் 'பிறகு'வை முப்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது புரிந்தது. பத்திரம் எழுதும்போது அந்தக் குழந்தை மண்ணுக்குள் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கேரட்டி சொன்னது உண்மை.

பன்னிரண்டு மணிக்கு எழுத்தர் டார்லா சாவிக்கொத்தை ஆட்டினாள். சாப்பாட்டுக்குப் பதிவறையை மூடிவிட்டு ஒரு மணிக்குத்தான் திறப்பாள். அவள் மேல் தப்பில்லை, கவர்னரே வந்தாலும் அந்த ஒரு மணி நேரம் மூடியேதான் இருக்கும்.

கோர்ட் படிக்கட்டில் உட்கார்ந்தோம். லின்வுட் நண்டு வடை வைத்த ரொட்டியைப் பிரித்துப் பாதியை நீட்டினான். எனக்கு இறங்கவில்லை.

"செத்த குழந்தை பெரியவளாகி, கல்யாணம் பண்ணி, ஆறு புள்ள பெத்திருக்கு. முப்பது வருஷமா இதத்தான் கண்டுபிடிச்சியா அக்கா?" என்றான்.

"வாய மூடிட்டுத் தின்னு."

"நான் மூடிக்குவேன். வேன்ல ஒக்காந்திருக்கிற சனம் மூடணுமே." கொஞ்ச நேரம் மென்றான். பிறகு மனசு கேட்காமல், "சரி விடு. கல்லுல பேரு இருந்துட்டா ஆளு இல்லேன்னு ஆயிடுமா? மில் ரோட்டுக் கல்லறையில ஒன் பேரக்கூடத்தான் செதுக்கி வச்சிருக்கு. நீ இங்க ஒக்காந்துகிட்டு என்னையத் திட்டிக்கிட்டிருக்க" என்றான்.

அது எங்கள் குடும்பத்தில் பழைய கேலி. எனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள். கக்குவான் இருமலில் மூன்று வயதில் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்து நான் பிறந்தபோது அம்மா அவள் பெயரையே எனக்கு வைத்தாள். ஆர்டீலியா மே, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல். வருஷா வருஷம் மே மாதக் கடைசியில் என்னைக் கூட்டிக்கொண்டு போய், என் பெயர் எழுதின கல்லின் மேல் என் கையாலேயே பூ வைக்கச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பேய் என்று கூப்பிட்டார்கள். பத்து வயதில் ஒருநாள், ஊரில் வேறு பேரே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் துணி மடிக்கப் போய்விட்டாள். பழைய துணி மாதிரி இன்னொருத்தி கழற்றிப் போட்ட பெயர் என்று அதன் மேல் எனக்கு ஆத்திரம். அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட அது தணியவில்லை.

இப்போது அதை வைத்துத்தான் லின்வுட் சிரிக்க வைக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. 1850-இலிருந்து ஐம்பத்துநான்கைக் கழித்தேன். 1796. எழுந்து நின்றுவிட்டேன்.

"என்னக்கா?"

"எட்டு வருஷம் தப்பில்லடா. அவ வயசு சரி. அவ வேற ஆளு."

இன்னொரு ஹல்டா. மூத்தவள் செத்த பிறகு பிறந்தவள். 1796 என்றால், சில்வி விடுதலையான அடுத்த வருஷம். அப்படியானால் இவளை யாரும் விடுவிக்கவே இல்லை. தாய் சுதந்திரமானவள் என்றால் பிள்ளையும் அப்படியே, விடுவிக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் முப்பது வருஷமாகப் பார்த்தது விடுவிக்கப்பட்டவர்களின் புத்தகம். சுதந்திரமாகவே பிறந்த கறுப்பர்களுக்குச் சான்றிதழ் எழுதின புத்தகம் வேறு. அடுத்த கவுண்டிக்குப் போக வேண்டுமென்றாலும் அந்தக் காகிதம் இடுப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் பிடித்து விற்றுவிடலாம். ஹல்டா கட்டாயம் ஒன்று வாங்கியிருப்பாள். பதிவு அழியாமல் இருந்தால்.

டார்லா ஒரு மணிக்கு வரவில்லை. ஒன்று ஆறுக்கு வந்தாள். அந்த ஆறு நிமிடத்தில் அவள் பரம்பரையையே மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். நான் சொன்ன புத்தகத்தை அவள் நிலவறையிலிருந்து தூக்கி வர இன்னும் பத்து நிமிடம். பெயர் அட்டவணை கிடையாது. நாள் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போயிருந்தார்கள். மை தேநீர்க் கறை நிறத்துக்கு மங்கியிருந்தது.

ஹல்டாவுக்குப் பதினெட்டு ஆகிற 1814-இலிருந்து ஆரம்பித்தேன். லின்வுட் பக்கம் புரட்டினான். தடித்த விரல்களை வைத்துக்கொண்டு, தாள் கிழிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு புரட்டினான். நான் சீக்கிரம் சீக்கிரம் என்று அவன் உயிரை வாங்கினேன். உயரம், நிறம், தழும்பு, உயரம், நிறம், தழும்பு. எத்தனை பேர், எத்தனை தழும்பு. மற்ற நாளாயிருந்தால் ஒவ்வொருவரிடமும் நின்றிருப்பேன். அன்றைக்கு அவர்களையெல்லாம் தாண்டி ஓட வேண்டியிருந்தது, அது எனக்கு வெட்கமாகவும் இருந்தது. 1815 முடிந்தது. 1816 முடிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். ஒன்று நாற்பது.

லின்வுட்டின் விரல் நின்றது. புத்தகத்தை என் பக்கம் திருப்பினான்.

'1817 மே. ஹல்டா, பெர்ரி பேந்தமின் மனைவி. வயது சுமார் இருபத்தொன்று. உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். இடது மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு. லெவின் மோப்ரே விடுவித்த சில்விக்கு, விடுதலைக்குப் பின் பிறந்தவள். சுதந்திரமாகப் பிறந்தவள்.'

டார்லா நகலெடுத்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, முத்திரையை அழுத்திக் கொடுத்தபோது ஒன்று ஐம்பத்தாறு. என் முழங்காலுக்கும் அந்த மாடிப்படிக்கும் ஆகாது. லின்வுட் பின்னாலிருந்து என்னைத் தள்ளிக்கொண்டே வந்தான். நாங்கள் உள்ளே நுழைந்தபோது குழு உட்கார்ந்துவிட்டிருந்தது.

கேரட்டி நகலை இரண்டு தடவை படித்தார். அவர் காது ஓரம் சிவந்தது, ஆனால் குரல் மாறவில்லை.

"இன்னொரு ஹல்டாங்கறீங்க. ஒரே தாய் ரெண்டு பொண்ணுக்கு ஒரே பேரையா வைப்பா, மேடம்? எழுதுனவன் குழம்பி யாரையோ சில்வி மகள்னு எழுதியிருக்கலாமே?"

அந்தக் காலத்தில் அது வழக்கம், செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள், உங்கள் ஆட்களின் சர்ச் பதிவுகளிலேயே நூறு காட்டுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். வேறு குடும்பங்களில் இருந்திருக்கலாம், இந்தக் குடும்பத்தில் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

நான் கைப்பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மேசையில் வைத்தேன். லின்வுட்டின் போனை வாங்கினேன். போன வருஷப் புயலில் மில் ரோட்டுக் கல் சாய்ந்துவிட்டது என்று அவன் எனக்கு அனுப்பிய படம் அதில் இருந்தது. இரண்டையும் திருமதி ஸ்டவுஃபரிடம் நீட்டினேன். அவர் உரிமத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"வைப்பா. எங்க அம்மா வச்சா," என்றேன். அதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். நிற்கவில்லை. "மூத்த ஹல்டா இன்னொருத்தன் சொத்தாவே செத்துட்டா. எட்டே மாசத்துல தாய்க்கு விடுதலை கெடைச்சுது. அந்தப் புள்ளைக்கு அது கெடைக்கல. அதுக்கப்புறம் பொறந்த பொண்ணு யாருக்கும் சொந்தமில்ல. அந்தப் பேர அவளுக்கு வைக்காம சில்வி வேற யாருக்கு வைப்பா? செத்தவளும் விடுதலையாகணும்னுதான வச்சிருப்பா?"

சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கின குரல், அந்த அறையில் என்னைக் கைவிட்டுவிட்டது. கேரட்டி காகிதங்களை அடுக்கினார், வேறு கேள்வி இல்லை என்றார்.

ஐந்து பேர் கொண்ட குழு. கை தூக்கச் சொன்னார்கள். அனுமதிக்கு ஆதரவாக இரண்டு கை. எதிராக இரண்டு. திருமதி ஸ்டவுஃபர் கடைசியாக, எதிர்ப் பக்கம் தூக்கினார். மூன்றுக்கு இரண்டு. அனுமதி மறுக்கப்பட்டது என்று அவர் படித்தபோது பின் வரிசையில் யாரோ சத்தமாக மூக்கைச் சிந்தினார்கள். திரும்பிப் பார்த்தால் லின்வுட்.

சபை வேன் நேராக மோப்ரே பண்ணைக்குப் போனது. இயந்திரம் கிளம்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு என்று எல்லோருக்கும் பிடிவாதம். நான் லின்வுட்டின் வண்டியில் ஏறி, மில் ரோட்டுக்கு விடு என்றேன். அவன் வண்டியைத் திருப்பினான்.

அறுபத்தெட்டு வருஷத்தில் அம்மா இழுத்துக்கொண்டு போகாமல் நானாக அங்கே போனது அன்றைக்குத்தான். கல் இன்னும் சாய்ந்தே இருந்தது. எழுத்துக்குள் பாசி. மண்டியிட்டு, கார் சாவியால் ஒவ்வோர் எழுத்தாகச் சுரண்ட ஆரம்பித்தேன். அம்மா அன்றைக்குப் பதில் சொல்லாமல் துணி மடிக்கப் போனது ஞாபகம் வந்தது. கோபத்தில் போனாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அழத்தான் போயிருப்பாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல அவள் இல்லை.

லின்வுட்டும் முட்டி போட்டு, கல்லின் அடியில் தோள் கொடுத்து நிமிர்த்தினான்.

"நாளைக்கு வாளியும் பிரஷ்ஷும் எடுத்தாந்து நான் சுத்தம் பண்றேங்கா. எந்திரி, முட்டி வலிக்கப் போவுது" என்றான்.

"நீ புடிச்சுக்க. என் பேரு, நான்தான் தொடைப்பேன்" என்றேன்.