குதிகால் தரிக்காத பறவை

மார்ச் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது, தூறல் விடுவதாயில்லை. கல்லூரி நடனக் குழுவின் பயிற்சிக்கூடத்தில் ஒரு புதிய இயந்திரம் வந்து அமர்ந்திருந்தது. வெறுங்காலுடன் ஏறி நின்றால் போதும்; உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, நீர் எவ்வளவு என்று புட்டுப்புட்டு வைத்துவிடும். கொழுப்பு மிகவும் குறைந்த பெண்கள் ஆண்டு விழாவில் குதித்தாடக் கூடாது என்று கல்லூரி மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார்.

இச்செய்தி, மெலிவால் ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த மாணவியின் வயிற்றில் புளியைக் கரைத்தது. அவ்வயிற்றில் வேறெதுவும் இல்லாததால் நன்றாகவே கரைந்தது. விழாவில் பறவையாக ஆடவேண்டியவள் அவளே. அதற்காகவே உணவைக் குறைத்து உடல் இளைத்திருந்தாள். அவளுடைய அக்காளுக்கு மலை வேடம். பின்னால் அசையாமல் நிற்கவேண்டும்.

“எத்தனை பாட்டில் தண்ணி குடிச்ச?” என்று வரிசையில் நின்ற அக்காள் கிசுகிசுத்தாள்.

“மூணு. எடை கூடும்ல?”

“கூடும். குடம் மாதிரி தளும்பவும் செய்யும். அசையாத!”

ஒட்டடைக்குச்சி இயந்திரத்தில் ஏறினாள்.

“குதிகால் ரெண்டும் தட்டுல படணும்மா. ஒன்னு, ரெண்டு...” என்று மருத்துவர் எண்ணினார்.

‘ரெண்டு’ என்றதும் அவள் குதிகால்கள் தாமாக எழும்பின. இயந்திரம் கீச்சென்று கத்தி நின்றது. மீண்டும் எண்ணினார், மீண்டும் எழும்பின.

“ஏம்மா, எங்க பறக்குற?”

“நான் பழக்கினது டாக்டர்! ரெண்டுன்னா தூக்கத்துல கூட எழும்பும்!” என்று நடன மாஸ்டர் பூரித்தார்.

ஒட்டடைக்குச்சிக்கோ அடிவயிறு முட்டியது. கால்களைப் பின்னிக்கொண்டாள்.

“டாக்டர், புண்ணியமாப் போகும், எண்ணாம பாருங்க!” என்றாள் அக்காள்.

மருத்துவர் வாயை மூடிக்கொண்டார். இயந்திரம் வாயைத் திறந்தது.

“கொழுப்பு இருக்க வேண்டியதுல பாதி கூட இல்ல. தண்ணி மட்டும் எக்கச்சக்கம். இது உடம்பா, தண்ணி லாரியா?” என்றார் அது காட்டியதைப் படித்த மருத்துவர்.

விடை கூற லாரி அங்கில்லை. கழிப்பறையை நோக்கிப் பறந்துவிட்டிருந்தது.

திரும்பி வந்தவளிடம் மருத்துவர் தணிந்த குரலில் கேட்டார்: “மாதவிலக்கு ஒழுங்கா வருதா?”

“நாலு மாசமா இல்ல. தொல்லை விட்டுச்சுன்னு இருந்தேன்.”

“கால் எலும்பு வலிக்குதா?”

“குதிச்சா மட்டும்தான்.”

“பறவைக்கு வேற என்ன வேலை? சாப்பாடு பத்தாம எலும்பு பலம் குறையுதும்மா. இப்படியே குதிச்சா விரிசல் விடும். சரியாகுற வரைக்கும் தரையிலதான்.”

ஒட்டடைக்குச்சியின் கண்கள் தளும்பின. மூன்று பாட்டிலில் எஞ்சியிருந்தது அதுதான் போலும்.

“அப்ப யார் பறக்குறது?” என்று மாஸ்டர் தலையில் கைவைத்தார்.

“நான்தான். எல்லா அடவும் பின்னாலருந்து பாத்து மனப்பாடம்,” என்றாள் அக்காள்.

“மலை பறக்குமா?”

“மலையானதே இவளாலதான் மாஸ்டர்! தினமும் இவ சாப்பாட்டு டப்பாவையும் நான்தானே காலி பண்றேன்!” பிறகு தங்கையின் கையில் டப்பாவைத் திணித்தாள். “இன்னிக்கி நீயே தின்னு, சனியனே. உடம்பு தேறினதும் பறவையத் திருப்பித் தரேன்.”

ஒட்டடைக்குச்சி மூக்கை உறிஞ்சியபடியே ஒரு கவளம் உண்டாள். மற்றொன்றும் உண்டாள். பிறகு அழுகையையே மறந்து டப்பாவை வழித்தாள்.

ஒத்திகை தொடங்கியது. அக்காள் பறந்தாள், கண்ணாடிச் சுவர் அதிர்ந்தாலும் அழகாகவே பறந்தாள். பின்னால் புதிய மலை, வாய் நிறைய உணவுடன் நின்றது.

“ஒன்னு, ரெண்டு!” என்றார் மாஸ்டர்.

மலையின் குதிகால்கள் துடித்தன, ஆனால் எழவில்லை. அவை முதன்முறையாகத் தரையில் தரித்த அப்போது மணி சரியாகப் பிற்பகல் ஒன்று பதினேழு.