பதினைந்து நாள் கவனித்து எழுதவும்

சலவை இயந்திரக் கம்பெனி ஒன்றில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. பதினெட்டு வருடத்தில் அவருடைய பதிலைத் தாண்டி யாரும் பணத்தைத் திரும்ப வாங்கியதில்லை. அதனால் அலுவலகத்தில் அவருக்குச் 'சுவர்' என்று பெயர். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்தச் சுவருக்கு அது தேவைப்படவில்லை.

அப்பேர்ப்பட்டவர் பழைய கார் ஒன்று வாங்கினார். கடையில் பழைய கார் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். அது 'அனுபவம் பெற்ற வாகனம்'. விற்றவரின் மேசையில் 'தலைமை வாகன ஆலோசகர்' என்று பலகை இருந்தது. அந்தக் கடையில் ஆலோசகர் அவர் ஒருவர்தான், ஆனாலும் தலைமை. கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். பில்லின் பின்புறம் ஒரு வரி: முப்பது நாளுக்குள் குறை தெரிந்தால் வண்டியை ஒப்படைத்து முழுப் பணத்தையும் பெறலாம். அந்தப் பணம், சுவரின் மனைவி பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் எட்டு வருடம் உட்கார்ந்து சேர்த்தது.

மூன்றாம் நாளே குறை தெரிந்துவிட்டது. சூடேறினால் இன்ஜின் நிற்கும். நின்றதும் நான்கு கதவும் பூட்டிக்கொள்ளும், கண்ணாடியும் இறங்காது. வண்டிக்கு மனசு வந்தால் கதவைத் திறந்துவிடும். முதல் தடவை நாற்பது நிமிடத்தில் மனசு வந்தது.

நேரே கடைக்குப் போய் விட்டுவிட்டு வரலாம் என்றாள் மனைவி. சந்தையில் கத்திரிக்காயைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி பேசாதே, புகாருக்கென்று ஒரு முறை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சுவர் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது: 'தங்கள் மேலான கடிதம் கண்டோம். பதினைந்து நாள் கவனித்து எழுதவும்.'

அது அவருடைய சொந்த வித்தை. நாளைக் கடத்துவதற்காக அவரே ஆயிரம் பேருக்கு எழுதிய வரி. ஆனால் அது விவரம் தெரியாதவர்களுக்கு எழுதுவது. தனக்கு எழுதியிருப்பது ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனுக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்தார். தனி நோட்டுப் போட்டு, எந்த சிக்னலில் எத்தனை நிமிடம் அடைபட்டுக் கிடந்தோம் என்று கோடு கிழித்து எழுதி அனுப்பினார். 'தங்கள் குறிப்புகளின் தெளிவைப் பாராட்டுகிறோம். மேலும் பத்து நாள் கவனிக்கவும்' என்று பதில். அதை மனைவிக்கு வாசித்தே காட்டினார்.

இருபத்தொன்பதாம் நாள் அவள் காலண்டரைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். "நீங்க ஊருக்கெல்லாம் செய்யறதை உங்களுக்கே ஒருத்தன் செய்யறான். அதுகூடத் தெரியலையா?"

சுவர் நோட்டை மூடிவிட்டு, பில்லைத் தேடி எடுத்துப் பின்புறத்தைப் படித்தார்.

மறுநாள் நாலரைக்குக் கடை வாசலில் வண்டி நுழைந்தது. நுழைந்த இடத்திலேயே, வாசலை மறித்துக் குறுக்காக நின்றது. டக் டக் என்று நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. மனைவி முன்ஜாக்கிரதையாகத் தன் பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்திருந்தாள். மூச்சு விட அதுதான் வழி.

ஆலோசகர் வந்து குனிந்தார். கடை ஐந்துக்கு மூடும் என்று நினைவூட்டினார். ஒப்படைப்புப் படிவத்தை இந்த இடுக்கு வழியாகக் கொடுங்கள் என்று சுவர் கேட்டதற்கு, அதற்கு விதியில் இடமில்லை என்றார். "இறங்கி வந்து மேசையில கையெழுத்துப் போட்டாத்தான் சார் ஒப்படைச்சதா ஆகும்."

சுவர் கதவை உலுக்கினார். பிறகு தோளால் இடித்தார். சட்டை முதுகோடு ஒட்டியது. ஐந்தடிக்கப் பத்து நிமிடம்.

அந்த நேரம் ஒரு கணவனும் மனைவியும் நீல நிற வண்டி ஒன்றைப் பார்க்க வந்தார்கள். சுவரின் மனைவி இடுக்கில் வாய் வைத்து, ஆஸ்பத்திரியில் பேசும் அதே கனிவோடு, உள்ளே அடைபட்டு இருபது நிமிடமாகிறது, போன வாரம் ஒன்றேகால் மணி நேரம், எதற்கும் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். அவர்கள் நீல வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள்.

"எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லைங்க," என்றாள் ஆலோசகரிடம். "நாளைக்கும் இங்கதான் இருப்போம். வர்றவங்களுக்கு விவரம் சொல்ல ஆள் வேணுமில்ல?"

ஆலோசகர் கோட்டைக் கழற்றினார். உள்ளே சட்டைக்குக் கை கிழிந்திருந்தது. ஓடிப்போய் ஒரு தாள் கொண்டுவந்து இடுக்கில் செருகினார்: 'வாகனம் பரிசீலனைக்காகப் பெறப்பட்டது.' மனைவி முகம் மலர்ந்தது.

சுவர் தாளைப் பிடுங்கிப் படித்தார். "பரிசீலனைன்னா பணம் வராது. நான் எழுதினவன், எனக்குத் தெரியும்." தாள் வந்த வழியே திரும்பிப் போனது. இன்னும் இரண்டு தாள் வந்து போயின. ஐந்தடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் நான்காவது வந்தது: திரும்பப் பெறப்பட்டது, முழுப் பணமும் வெள்ளிக்கிழமைக்குள். கையெழுத்து, முத்திரை, நேரம். சுவர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சாவியை இடுக்கு வழியே வெளியே போட்டார்.

மெக்கானிக் வந்து கம்பியை விட்டுப் பார்த்தார். சாவியைத் திருகினார். கதவு அசையவில்லை. ஆலோசகர் கையைப் பிசைந்துகொண்டு, இப்போது என்ன செய்வது என்று கேட்டார்.

பதினெட்டு வருட நிமிர்வோடு சுவர் சாய்ந்து உட்கார்ந்தார். "இனிமே அது உங்க வண்டி. பதினைஞ்சு நாள் கவனிச்சுட்டு எழுதுங்க."

மனைவி அவர் முழங்கையை இடித்தாள்.

"ஏங்க, உள்ள இருக்கறது நாம."