பெயர் எழுதாத பத்து வீடுகள்

நாற்பத்தேழாம் எண் சோதனைத் தட்டில் நீலப்பச்சைப் புள்ளிகள் முளைத்திருந்தன. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி மங்கலான வெள்ளை வளையம். ஐஸ்பெட்டி அக்கா தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்தாள். மறுபடி தூக்கினாள். இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த வளையம் இல்லாமல் போய்விடாதா என்று ஓர் ஆசை. வளையம் அப்படியே இருந்தது.

உணவில் வளரும் கிருமிகளை ஆராயும் அந்தக் கூடத்தில் இருபது வருடமாக உதவியாளராக இருக்கிறாள். மாதிரி எடுக்கப் போகும்போதெல்லாம் தோளில் ஒரு குளிர்பெட்டி தொங்கும். அதனால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே பக்கத்தில் வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்ப்பாள் என்பது அங்கே ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியரின் கேலி.

"சார், லிஸ்டீரியா வந்துருக்கு."

"எத்தனை தட்டுல?"

"ஒண்ணே ஒண்ணுதான். நாப்பத்தேழு."

"அறுபதுக்கு ஒண்ணுதானா! நான் நாலஞ்சு வரும்னு பயந்துக்கிட்டு இருந்தேன்" என்று பேராசிரியர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

வீட்டில் செய்து விற்கும் சீஸில் இந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. திடமானவர்கள் வயிற்றுக்குள் இது போனால் ஒருநாள் உபத்திரவம், அவ்வளவுதான். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றுக்குள் போனால் கதை வேறு. அவளுக்கு லேசாகக் காய்ச்சல் அடிக்கும், உடம்பு வலிக்கும். வயிற்றில் இருக்கும் குழந்தையோ பிழைத்தாலும் பிழைக்கும், பிழைக்காமலும் போகும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மற்ற கிருமிகள் அடங்கிக் கிடக்கும். இது குளிரிலும் மெல்ல மெல்லப் பெருகும்.

அப்படியானால் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அது எந்த வீடு என்று யாருக்கும் தெரியாது.

முதல்நாள் மாதிரி கேட்டுப் போனபோது ஒருத்தியும் கொடுக்கவில்லை. "இன்னைக்கு நீங்க பேரைக் குறிச்சுட்டுப் போவீங்க, நாளைக்கு ஆபீசர் வந்து வாசல்ல நிப்பாரு" என்றார்கள். பாவம், பிழைப்பாயிற்றே. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "யார் பேரையும் எழுத மாட்டேன், சத்தியம்" என்றாள். வெறும் வாய்வார்த்தையாக இருக்கக் கூடாது என்று ஒரு வழியும் செய்தாள். ஒரு நாளைக்குப் பத்து வீடு. பத்தும் ஒரே மாதிரி டப்பா. பத்தாவது வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு, அதன் பிறகே எண் ஒட்டுவாள். அவளே நினைத்தாலும் எது யாருடையது என்று சொல்ல முடியாது. பேராசிரியர் அதை மெச்சி, ஆய்வுக் கட்டுரையில் ஒரு பத்தியே எழுதிவிட்டார்.

நாற்பத்தொன்று முதல் ஐம்பது வரை ஐந்தாம் நாள் எடுத்தவை. மேட்டுத் தெருவில் பத்து வீடுகள். அந்தப் பத்தில் ஒன்று.

"நல்லாப் பூட்டிட்டோம்கா. சாவியே இல்லாத பூட்டு" என்றார் பேராசிரியர்.

சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. "விலாசம் சொல்லுங்க, இப்பவே ஆள் அனுப்புறேன்" என்றார். விலாசம் இல்லை என்றார்கள். "விலாசம் இல்லாம நான் எந்தக் கதவுன்னு போய்த் தட்டுறது? ஊர் முழுக்க வீட்டுச் சீஸ் வாங்காதீங்கன்னு சொன்னா அத்தனை பேர் பிழைப்பும் போயிடும்." கடைசியில், பொதுவாக ஓர் அறிவிப்பு போடலாம் என்றார். அதற்கு மூன்று கையெழுத்து வேண்டும். மூவரில் ஒருவர் விடுமுறையில் இருந்தார்.

அக்கா அன்று மாலையே மேட்டுத் தெருவுக்குக் கிளம்பினாள். நேராக எட்டாவது வீட்டுக்குப் போனாள். மாதிரி எடுத்த நாளில் அந்த வீட்டுப் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாத வயிறு. மாமியார் உள்ளே சீஸைச் சதுரமாக வெட்ட வெட்ட, ஒதுங்கிய ஓரத்துண்டுகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சிதான் காலையிலிருந்து அக்காவின் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அந்த மாமியாரைத் தெருவில் கறார் அம்மா என்பார்கள். பேரம் பேசினால் டப்பாவை மூடி உள்ளே கொண்டுபோய்விடுவாள். அக்கா சொன்னதையெல்லாம் கதவைப் பாதி திறந்தபடி கேட்டுக்கொண்டாள்.

"பேரு எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணியா இல்லையா?"

"பண்ணேன்மா. எழுதலை."

"அப்ப என் வீடுன்னு எப்படி வந்து நிக்கிற?"

"உங்க வீடுன்னு சொல்லலைம்மா. பத்து வீட்டுக்கும் போறேன். இன்னொரு துண்டு குடுத்தீங்கன்னா திரும்பப் பாத்து..."

"ஒருதடவை குடுத்ததுக்கே பட்டம் கட்டுறீங்க. முப்பது வருஷமா என் கையால தின்னவன் ஒருத்தன் தும்மினதில்லை. போம்மா, போய் வேற வாசல் பாரு."

கதவு சாத்திக்கொண்டது. அக்கா படியிறங்கினாள். பக்கவாட்டு ஜன்னலில் மருமகள் முகம் தெரிந்தது.

"தங்கச்சி, பிள்ளை பொறக்கிற வரைக்கும் அதை மட்டும் சாப்பிடாதம்மா. காய்ச்சல் வந்தா லேசா இருந்தாக்கூட ஆஸ்பத்திரிக்குப் போயிடு. எனக்கு ஒரு போன் போடு, எப்பன்னாலும்." ஒரு துண்டுத்தாளில் தன் எண்ணையும், கீழே கிருமியின் பெயரையும் எழுதி ஜன்னல் கம்பிக்குள் நீட்டினாள். மருமகள் வாங்கிக்கொண்டு தலையாட்டினாள். சிரித்தமாதிரியும் இருந்தது.

பத்து வீட்டில் ஆறு வீட்டார் மறுபடி மாதிரி கொடுத்தார்கள். முதல் வீட்டுக்காரி வாயாடி, எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். அன்று அவள் சிரிக்கவில்லை. "என்னோடதா மட்டும் இருந்துச்சுன்னா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றைக்குச் செய்த அத்தனையையும் குழிதோண்டிக் கொட்டினாள். இரண்டு வாரத்துக்கு வியாபாரம் கிடையாது என்று வாசலில் எழுதி ஒட்டினாள். பானை, துணி, பலகை எல்லாவற்றையும் கொதிக்கும் நீரில் போட்டாள்.

ஐந்து நாள் கழித்து ஆறு தட்டிலும் ஒன்றும் முளைக்கவில்லை. அக்கா ஓடிப்போய் வாயாடியிடம் சொன்னாள்.

"அப்பாடா! அன்னைக்கே சொல்லியிருந்தா கொட்டியிருக்க மாட்டேனே" என்று அவள் பழையபடி சிரித்தாள். பிறகு, "பரவாயில்ல விடுக்கா. பலகையைத் தேச்சதுல பத்து வருஷ அழுக்கு போச்சு" என்றாள்.

நல்லவர்கள் நஷ்டப்பட்டார்கள், நாற்பத்தேழு மட்டும் எங்கேயோ பத்திரமாக இருந்தது. "இதுலயும் ஒரு விஷயம் இருக்குக்கா" என்று பேராசிரியர் தயங்கிச் சொன்னார். "இன்னைக்கு இல்லங்கிறதால அன்னைக்கும் இல்லன்னு ஆகாது. அந்த ஆறுல ஒண்ணாக்கூட இருந்திருக்கலாம்." இருபது வருடம் அந்த வேலை பார்த்தவளுக்கு அது தெரியாதா? தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்பது வேறுதான்.

மிச்சம் நான்கு வீடு. அக்கா வேலை முடிந்ததும் நாள் விட்டு நாள் மேட்டுத் தெரு ஏறினாள். மாதிரி கேட்பதை விட்டுவிட்டாள். ஒரே ஒரு கேள்விதான். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா? வாங்கிப்போகும் பிள்ளைத்தாய்ச்சிகள் யாருக்காவது? மூன்று வீட்டார் முதலில் முறைத்தார்கள், பிறகு பதில் சொன்னார்கள், பிறகு குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். பாலை நன்றாகக் கொதிக்கவைத்தபின் சீஸ் செய்யவும் சம்மதித்தார்கள். உபதேசம் செய்து சாதிக்க முடியாததை ஒரு விசாரிப்பு சில சமயம் செய்துவிடுகிறது.

கதவைச் சாத்திய அந்த நாளுக்குப் பிறகு, கறார் அம்மா நான்காம் முறைதான் வாய் திறந்தாள்.

"உனக்கு வேற சோலியே இல்லையா? எதுக்குத் திரும்பத் திரும்ப வர்ற?"

"பொண்ணுக்குக் காய்ச்சல் இருக்கான்னு கேக்கத்தாம்மா."

"இல்ல."

"சரிம்மா, வரேன்."

"நில்லு." கறார் அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நானும் இப்பக் காய்ச்சித்தான் பண்றேன். நீ சொன்னேன்னு இல்ல."

"சந்தோஷம்மா" என்றாள் அக்கா. இறங்கிப் போகும்போது, ஆண்டவனே, இது போதும், இதோடு விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டாள். வேண்டுகிற அளவுக்கு நம்பவும் வேண்டும் என்று நினைப்பவள்தான். ஆனால் அந்தக் கிருமி உடம்புக்குள் போனபின் இரண்டு மாதம்கூட ஒளிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கும்பிட்ட கை இறங்கும்போதே விரல் நாட்களை எண்ண ஆரம்பித்துவிட்டது.

தட்டில் புள்ளிகளைப் பார்த்த முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

"ஏம்மா, நான்தான். எட்டாவது வீடு." கறார் அம்மாவின் குரலில் கறார் இல்லை. "லேசாத்தான் சுடுது. முதுகு வலிக்குதுங்கிறா. ஒண்ணும் இருக்காதுல்ல?"

"இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. அந்தத் தாளையும் எடுத்துக்குங்க. நான் அங்க நிக்கிறேன்."

சின்ன வயசு டாக்டர் பார்த்துவிட்டு, சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கிறது என்றார். அக்கா தாளை நீட்டிக் கிருமியின் பெயரைச் சொன்னாள். நாற்பத்தேழாம் தட்டையும் பத்து வீட்டையும் சொன்னாள். டாக்டர் மறுபேச்சுப் பேசவில்லை. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆகும், அதற்குக் காத்திருக்க வேண்டாம் என்று அப்போதே மருந்தை ஏற்றினார்கள். குழந்தையின் இதயம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்றார் நர்ஸ். வேகமாக என்றால் எவ்வளவு என்று கேட்கக் கறார் அம்மாவுக்குத் துணிவில்லை. அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டாள், ஆனால் சொல்லவில்லை.

வெளியே நடையில் ஒரு பெஞ்சு. கறார் அம்மாவின் மகன் லாரி ஓட்டிக்கொண்டு எங்கேயோ வழியில் இருந்தான். வர மறுநாள் ஆகும்.

"என் கையாலயா?" என்று கறார் அம்மா கேட்டாள்.

"தெரியலம்மா. சத்தியமா தெரியல. இது அதுவாவே இல்லாமலும் இருக்கலாம்."

"அன்னைக்கு என் பேரை எழுதியிருக்கலாம்ல நீ? நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். திட்டிட்டுப் போறேன். நீ எழுதியிருக்கலாம்."

அக்கா சத்தியம் செய்தாள். சத்தியத்தைக் காப்பாற்றினாள். அதில் தப்பு என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அம்மா கேட்டதும் நியாயம்தான்.

நர்ஸ் வந்து, ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார். கறார் அம்மா எழப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "நீ போய்ப் பாரு. என்னைப் பாத்தா அழுதுடுவா" என்றாள்.

மருமகள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கையில் ஊசி. காலடிச் சத்தம் கேட்டுக் கண் திறந்தாள்.

"அக்கா, அத்தை எங்க?"

"வெளியில இருக்காங்க. நீ பேசாம படும்மா."

"அவங்ககிட்ட ஒண்ணு சொல்லிடாதீங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொன்ன பிறகும் நான் சாப்பிட்டேன்கா. தினமும் ஓரத்துண்டை எடுத்து எனக்குன்னு தட்டுல வைப்பாங்க. வேண்டாம்னு தள்ளினா, மருமகளே என் கையை நம்பலைன்னு ஆயிடும்ல? அவங்க மனசு என்ன பாடுபடும்? அதான் சாப்பிட்டுட்டேன்."

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெண் அன்பாகத் தட்டில் வைத்தாள். இன்னொருத்தி அன்பாக அதைத் தின்றாள். வேறொருத்தி அதற்கும் முன்னால், பிறர் பிழைப்பைக் காப்பதற்காகப் பத்து டப்பாக்களைக் கலைத்துப்போட்டாள். மூவரில் யாரைக் குற்றம் சொல்வது?

"சொல்ல மாட்டீங்கல்ல?"

"சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா. அவள் நெற்றியில் கை வைத்தாள். சூடு அப்படியேதான் இருந்தது. எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள்.

வெளியே வந்தபோது கறார் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னா?"

"அத்தை ஏதாவது சாப்பிட்டாங்களான்னு கேட்டா."

கறார் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அக்கா போய் இரண்டு டீ வாங்கி வந்தாள். ஒன்றை அவள் கையில் திணித்து, சூடு குறையும்வரை கோப்பையின் மேல் தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளா?" என்றாள் கறார் அம்மா.

"ரெண்டு நாள்மா."

"சீக்கிரம் பாக்க வழி இல்லையா? நீ அந்த வேலைதானே பாக்குற?"

"இல்லம்மா. கிருமி அது வளர்ற வேகத்துக்குத்தான் வளரும்."

கறார் அம்மா டீயைக் குடித்தாள். பிறகு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடத்தைக் கையால் துடைத்துவிட்டாள். அக்கா உட்கார்ந்தாள்.