மேஸ்திரிக்கு மூன்று பொறை

மேஸ்திரி செத்தது வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்கு. அது தப்பி ஓடிவிட்டது என்று வெள்ளிக்கிழமை காலையில் சரசுவிடம் சொன்னது ஜாய்சன்.

மேஸ்திரி ஒரு நாய். பம்மலில் சரசுவின் இஸ்திரி வண்டிக்கு அடியில் ஐந்து வருஷமாகப் படுத்திருந்த செம்மண் நிற நாய். வாலில் ஒரு ஒடிசல். வலது முன்னங்கால் மட்டும் வெள்ளை. அவள் நின்றுகொண்டு தேய்ப்பாள், அது படுத்துக்கொண்டு பார்க்கும். வேலை செய்யாமல் வேலையைப் பார்க்கிறவன் மேஸ்திரிதானே என்று அவள்தான் அந்தப் பேரை வைத்தாள்.

ஜாய்சனுக்கு இருபத்தொன்பது வயது. ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் நான்கு வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்தான். ஒரு நாள் காலையில் கேளம்பாக்கத்தில் கம்பெனி வேனை விட்டு இறங்கியவன் மறுபடி ஏறவில்லை. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கம் போதவில்லை என்றான். வேலையை விட்ட பிறகும் தூக்கம் வரவில்லை. இரும்புலியூர் வீட்டில் பகலெல்லாம் கிடந்தால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்க ஆரம்பித்துவிடுவாள். அதற்குப் பயந்துதான் முடிச்சூருக்கு அப்பால் இருந்த விலங்குக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தான். நாய்ப்பாசம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சம்பளமில்லாத வேலை என்பதால் யாரும் விரட்டவும் இல்லை. முதலில் கூண்டு கழுவினான். பிறகு கருத்தடைக்கு நாய் ஏற்றும் வண்டியில் அவனை அனுப்பினார்கள்.

அந்த வண்டியின் சத்தம் கேட்டாலே தெருநாய்கள் காணாமல் போய்விடும். வலையைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக ஓடினால் ஒரு நாளைக்கு மூன்று நாய் அகப்படும், நான்கு பேருக்குக் கடி விழும். ஆகவே வலையைவிட முக்கியம், அந்தத் தெருவில் நாய்க்குச் சோறு போடுகிற ஆள். அந்த ஆள் நம்பிவிட்டால் நாய் தானாக வந்து ஏறும். ஐந்தாம் நாள், கருத்தடை ஆனதற்கு அடையாளமாக இடது காதில் சின்ன வெட்டோடு, எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்கள். காப்பகம் பிழைத்திருப்பதே அந்த ஐந்தாம் நாளை நம்பித்தான்.

சரசு மூன்று வாரம் மசியவில்லை.

"இட்டுகினு போறவன் எவன்யா திருப்பி இட்டாந்தான்? எங்கூட்டுக்காரரையே இட்டுகினு போனானுங்க, ஆந்திராவுல வேலைன்னு. இன்னிக்கி வரிக்கும் ஆளக் காணோம்."

"அக்கா, அனகாபுத்தூர்ல போன மாசம் இருபத்திரண்டு நாய் எடுத்தோம். இருபத்திரண்டும் திரும்ப வந்துச்சு. வீடியோ பாருங்க."

"வீடியோல சினிமாவே காட்றானுங்க."

அவன் சட்டைகளைக் கொண்டுவந்து தேய்க்கக் கொடுத்தான். வேலைக்குப் போகாதவனுக்கு எதற்கு இத்தனை மடிப்புச் சட்டை என்று அவன் அம்மாவே கேட்டாள். நான்காவது வாரம் சரசு பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் மூஞ்சிய பாத்து குடுக்குறேன் தம்பி. உங்க ஆபீஸ பாத்து இல்ல. அஞ்சா நாளு நீதான் இட்டாரணும்."

"நானே கூட்டிட்டு வர்றேன்க்கா."

அந்த வியாழக்கிழமை மதியம் வண்டியைப் பார்த்ததும் மேஸ்திரி இஸ்திரி வண்டிக்கடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டது. டிரைவர் குமரேசன் வலையை எடுத்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினான் ஜாய்சன்.

"எதாவது போட்டு கூப்பிடுங்கக்கா. உங்க கையால போட்டா வரும்."

அவள் லாசரஸ் டீக்கடையில், டீயில் தோய்த்துத் தின்கிற காய்ந்த ரொட்டி, மூன்று பொறை வாங்கிவந்தாள். ஒன்றை இஸ்திரி வண்டி ஓரத்தில் போட்டாள். ஒன்றை ரோட்டில். மூன்றாவதை நாய் வண்டியின் தகரத் தரையில் வைத்து, "வாடா மேஸ்திரி, தம்பியோட போய்ட்டு வா" என்றாள். அது ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்து ஏறியது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் அவள்தான்.

வழக்கமாக, பிடித்த அன்றைக்கு அறுவை கிடையாது. ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டு மறுநாள்தான் மயக்க ஊசி. அன்றைக்கு டாக்டர், "நாளைக்குச் சொந்தக்காரங்க கல்யாணம், எல்லாத்தையும் இன்னிக்கே முடிச்சிடலாம்" என்றார். "வயிறு காலிதானே?" என்று கேட்கவும் செய்தார். ஜாய்சன் பதினொரு நாய்க்கும் அட்டை எழுதினான். கடைசியாகச் சாப்பிட்டது என்ற இடத்தில் பதினொன்றிலும் 'நேற்று இரவு'. தினமும் மறுநாள் காலையில் எழுதுகிற அட்டை. தினமும் அது உண்மையாகவே இருந்திருக்கிறது. பழகிய கை எழுதிக்கொண்டே போனது.

மேஸ்திரி மேஜைமேல் மயக்கத்தில் கிடக்கும்போதே வாந்தி எடுத்தது. எடுத்தது மூச்சுக்குழாய்க்குள் போயிற்று. டாக்டர் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தார், குழாய் விட்டு உறிஞ்சினார், நெஞ்சை அமுக்கினார். கடைசியில் கையுறையில் ஒட்டியிருந்த வெளிர்நிறக் கூழை விளக்கில் காட்டினார்.

"இது என்ன?"

பொறை என்று ஜாய்சனுக்குத் தெரிந்தது. டாக்டர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார்.

பின்புறம் வேலிகாத்தான் ஓரத்தில் குழி வெட்டியதும் அவன்தான்.

காப்பகத்தை நடத்துகிற ஹேமாவதி மேடம் பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஜாய்சன் பொறை முதல் குழி வரை சொல்லி முடித்தபோது அவர் கத்தவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார்.

"பொய் சொல்றது எனக்கும் பிடிக்காது ஜாய்சன். போன வருஷம் ஒரு தெருவுல நம்மகிட்ட ஒரு நாய் செத்துப்போச்சு. நானே போய் உண்மையைச் சொன்னேன். மறுநாள்ல இருந்து வண்டியை உள்ளயே விடல. ஆறு மாசத்துல முப்பது குட்டி. அதுல ஒண்ணு ஒரு குழந்தையக் கடிச்சுது. அப்புறம் யாரோ சோத்துல விஷம் வெச்சாங்க. பதினொரு நாய். காலைல போய்ப் பொறுக்கினது நான்."

"நான் சொல்லிடறேன் மேடம். என் தப்புதான்னு சொல்லிடறேன்."

"சொல்லு. எப்படிச் செத்துதுன்னு கேப்பாங்களே? நீங்க போட்ட பொறைதான்னு அந்தம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லுவியா?"

அவன் நகக்கண்ணில் இருந்த குழி மண்ணைச் சுரண்டினான்.

"ஓடிப்போச்சுன்னு சொல்லு. ரெண்டு நாள் திட்டுவாங்க. அதோட போயிடும்."

மறுநாள் காலையில் அவன் போய்ச் சொன்னான். இரும்புலியூர் சிக்னலில் வண்டி நின்றபோது தாழ்ப்பாள் கழன்று நாய் குதித்துவிட்டது. சொல்லிவிட்டுத் திட்டுக்காகத் தலையைக் குனிந்துகொண்டான். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அய்யோ, ரோட்டுல எதுனா அடிச்சிருக்குமா?"

"இல்லக்கா, ஓரமாத்தான் ஓடுச்சு."

"அப்ப உசிரோட கீது." அவள் பெட்டியிலிருந்த கரியைத் தண்ணீர் விட்டு அணைத்தாள். "தாப்பா சரியா போட்டனா இல்லியான்னு எனக்கே டவுட்டு. நாந்தான் போட்டேன். வா தம்பி, தேடலாம்."

ஹேமாவதி மேடத்தின் கணக்கில் இது இல்லை.

அன்றைக்குத் தொடங்கி ஏழு நாள். மதியம் இரண்டு மணிக்கு வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு சரசு ஷேர் ஆட்டோவும் பஸ்சுமாக மாறி இரும்புலியூர் வருவாள். அவன் சிக்னலில் காத்திருப்பான். ஜிஎஸ்டி ரோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ரயில் பாதை ஓரம், பெருங்களத்தூர் வரைக்கும். அவன் புதைத்த நாயை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். கட்டடம் கட்டுகிற இடத்தில் "மேஸ்திரி! மேஸ்திரி!" என்று அவள் கத்த, சாரத்தின் மேலிருந்து ஒரு ஆள், "இன்னாமா? செங்கல் லோடு வந்துட்ச்சா?" என்று எட்டிப் பார்த்தான். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜாய்சனும் சிரித்தான். சிரித்துவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள், அவள் துணி தேய்த்துக்கொடுக்கிற வீட்டில் ஒரு பையன் நோட்டீஸ் அடித்துக்கொடுத்தான். மேஸ்திரியின் படம், வெள்ளைக்கால், வால் ஒடிசல் எல்லாம் போட்டு, கீழே ஜாய்சனின் நம்பர். அதன் பிறகு போன் ஓயவில்லை. குரோம்பேட்டை, வண்டலூர், பொழிச்சலூர், ஒருமுறை கேளம்பாக்கத்திலிருந்துகூட. "அண்ணா, இங்க ஒண்ணு கீது, வெள்ளைக்கால் கீது, ஆனா நாலும் வெள்ளை, பரவால்லியா?" ஒருவர் ஆட்டுக்குட்டிப் படம் அனுப்பினார். நிறம் ஒத்துப்போனதாம். ஒவ்வொருவருக்கும் அவன் நன்றி சொன்னான். சில இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து, இது இல்லை என்று சொல்லிவிட்டு வந்தான். ஊரே தேடிக்கொடுக்கத் தயாராக இருந்தது. நிறுத்தச் சொல்ல அவனால் முடியவில்லை.

ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே மூன்று பொறை.

"டெய்லி எத்தினு வரேன். ஒண்ணுக்கு வரமாட்டான், ரெண்டுக்கு யோசிப்பான். மூணு போட்டாதான் வருவான் அந்த மொள்ளமாரி."

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியும். உங்கம்மா திட்றாங்க, அதான? வேலைவெட்டிக்குப் போவாம எவளோ ஒருத்தி கூட ரோடு ரோடா சுத்துறான்னு." அவள் அவன் தோளில் தட்டினாள். "நல்ல பெத்தவங்க பெத்த புள்ள நீ. வேற எவனா இருந்தா போன் ஆப் பண்ணிட்டு பூட்டிருப்பான்."

நாய் செத்துவிட்டது என்று இரண்டு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. அடுத்த கேள்விக்கான பதில் அவள் மடியில் பிரிந்து கிடந்தது. பஸ் வந்தது. அவள் பொறையை அங்கே படுத்திருந்த ஏதோ ஒரு நாய்க்குப் போட்டுவிட்டு ஏறினாள்.

எட்டாம் நாள் அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. தேடுவது அதோடு நின்றது. வண்டிக்கடியில் கோணிச்சாக்கு மட்டும் விரித்தபடியே கிடந்தது. வழி தெரிந்து தானாக வருவான் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்துக் காப்பகத்து வண்டி அதே தெருவுக்குப் போகவேண்டியிருந்தது. ஜாய்சன் வரமாட்டேன் என்றான். ஹேமாவதி மேடம் போனை நீட்டினார். அந்தத் தெருவிலிருந்து ஆறு பேர் பதிவு செய்திருந்தார்கள், அந்தத் தம்பி வந்தால்தான் நாயைக் கொடுப்போம் என்று. சரசு சொல்லியிருக்கிறாள். ஓடிப்போன நாய்க்காக ஏழு நாள் என்கூட அலைஞ்ச புள்ள, நம்பிக் குடுங்க.

மேடம் அவன் முகத்தைப் பார்க்காமல், "போயிட்டு வா" என்றார்.

தெருவில் ஆளாளுக்கு நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ரேஷன் கடையில் நிற்பதுபோல. முதலில் நின்றது மாடி வீட்டுத் தேவதர்ஷினி. பக்கத்தில் ரோஸி என்ற கறுப்பு நாய், துப்பட்டாவைக் கயிறாகக் கட்டியிருந்தாள். ரோஸி வண்டியருகே வந்ததும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது.

"வரமாட்டேங்குதுண்ணா."

"இரு, இரு." இஸ்திரி வண்டியை விட்டுச் சரசு நொண்டிக்கொண்டே வந்தாள். கையில் லாசரஸ் கடைக் காகிதம். "உனுக்குத் தெரியாது. இதுங்களுக்கு ஒரு டிரிக்கு கீது. தம்பிதான் சொல்லிக் குடுத்துச்சு." குனிந்து ஒரு பொறையைப் போட்டாள். ரோஸி லபக்கென்று விழுங்கியது. இரண்டாவதை எடுத்தாள்.

"போடாதீங்க!"

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திவிட்டான். அவள் பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னா தம்பி?"

"சாப்பிட்டுட்டுப் போனா... சில நாள் அன்னிக்கே ஆபரேஷன் பண்ணிடுவாங்க, மயக்க ஊசி போடும்போது வாந்தி வரும்க்கா. மூச்சு அடைச்சிடும். எதுவும் குடுக்கக்கூடாது."

"அன்னிக்கிக் குடுக்கச் சொன்னியே."

ரோஸி அவள் கையிலிருந்த இரண்டாவது பொறையை எம்பி முகர்ந்தது.

"மூணு போட்டேனே."

குமரேசன் வண்டியின் இன்ஜினை அணைத்தான். மேலே ஒரு விமானம் மீனம்பாக்கத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணை எடுக்கவும் அவனால் முடியவில்லை. பிறகு அவள் கையிலிருந்த பொறையைக் காகிதத்தில் சுற்றினாள். ஒழுங்காக, ஓரம் மடித்து, துணி மடிக்கிற மாதிரி.

"ஏழு நாளு என்கூட வந்து தேடினியே தம்பி. இன்னாத்தத் தேடினே?"

தேவதர்ஷினிக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா, ரோஸியக் குடுக்கட்டுமா வேணாமா? நீங்க சொன்னாத்தான்."

பின்னால் நின்ற ஐந்து பேரும் சரசுவைத்தான் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். அந்தத் தெருவுக்குள், பிறகு அடுத்த தெருவுக்குள், இந்த வண்டி இனி வராது. அவள் சொல்லட்டும் என்றுதான் ஜாய்சன் காத்திருந்தான். கத்தட்டும், காறித் துப்பட்டும், வண்டிக் கண்ணாடியை உடைக்கட்டும்.

"இன்னிக்கி துன்னுட்ச்சு இல்ல," என்றாள் சரசு. "நாளைக்குக் குடு. ராத்திரியே வவுத்தக் காயப் போட்டுடு. துன்னாத நாயிருந்தா இப்ப ஏத்துங்க."

அவனைப் பார்த்து, "எழுதறதுக்கு அட்டை கிட்டை எட்தாந்திருக்கியா?" என்றாள்.

"இருக்குக்கா."

"எழுது. ஒவ்வொருத்தரா கேட்டுக் கேட்டு எழுது."

அவன் எழுதினான். எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டது. அவள் பக்கத்திலேயே நின்று, எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொன்னாள். இரண்டு நாய்கள் ஏறின. நாலு பேர் நாளைக்கு வருவதாகச் சொல்லிக் கலைந்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் அவள் இஸ்திரி வண்டிக்குத் திரும்பிப்போனாள். பெட்டியை எடுத்துச் சூடு பார்த்து, யாருடைய பேண்ட்டையோ விரித்துத் தண்ணீர் தெளித்தாள். ஜாய்சன் எதிரில் போய் நின்றான். அவள் நிமிரவில்லை.

"அக்கா."

"நாளைக்கி எத்தினி மணிக்கு வருவே?"

"ஒன்பதுக்கு."

"சரி, போ. வெயிலு ஏறுது. உள்ள கீற நாயிங்க தகரத்துல வேவும்."